காக்கைத் தாய்: சுவிசில் வேலைக்குப் போன அம்மாக்களின் கதை

ஜெர்மன் மொழியில் ‘ராபன்முட்டர்’ என்று ஒரு சொல் இருக்கிறது. சூரிச்சிலோ பேர்ணிலோ வளர்ந்தவர்கள் எங்காவது கேட்டிருப்பீர்கள். அண்டங்காக்கைத் தாய் என்று அர்த்தம். பிள்ளையை வேறு யாரிடமோ விட்டுவிட்டு வேலைக்குப் போகும் அம்மாவைக் குத்திக்காட்டப் பயன்படும் சொல் இது. அண்டங்காக்கை தன் குஞ்சுகளைச் சரியாகக் கவனிக்காது என்று ஐரோப்பாவில் பழைய நம்பிக்கை ஒன்று இருந்தது. அதிலிருந்து வந்தது.

நம்முடைய மொழியில் காக்கைக்கு வேறு பெயர். ‘காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு’ என்கிறோம். காக்கை ஒன்றுதான். பார்த்த ஆட்களும் அவர்கள் சொன்ன கதையும்தான் வேறு.

வேலைக்குப் போகும் அம்மாவைப் பற்றி ஒரு நாடு என்ன நினைத்தது, அந்த நினைப்பு எப்படிச் சட்டமானது, பிறகு எப்படி மாறியது என்பதுதான் இந்தக் கட்டுரை. நாடு சுவிற்சர்லாந்து. இதை எடுத்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, நம்மில் நிறையப் பேர் இங்கே பிறந்தவர்கள். மற்றது, இங்கே மக்களின் மனநிலையை ஊகிக்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் வாக்கெடுப்பு வைக்கிற நாடு இது. மனநிலைக்குத் திகதியும் வீதமும் உண்டு. என்னைப் போன்ற பொறியியல் படித்த ஆளுக்கு இதைவிட வசதியான தரவு கிடைக்காது.

ஒரு சின்னப் புதிர்

முதலில் இந்த ஆண்டுகளைப் பாருங்கள். இலங்கையில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1931இல். சுவிசில் சமஷ்டி மட்டத்தில் 1971இல். வேலை செய்யும் பெண்களுக்குப் பிரசவ காலத்தில் பணம் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் இலங்கையில் 1939இல் வந்தது. சுவிசில் நாடு முழுவதற்குமான தாய்மைக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தது 2005 ஜூலை 1இல். 66 வருட இடைவெளி.

இதைப் படித்ததும் ‘பார்த்தீர்களா, நாங்கள்தான் முன்னேறியவர்கள்’ என்று வகுப்பில் போய்ச் சொல்லிவிட வேண்டாம். 1939 சட்டத்தால் பயன்பெற வேண்டிய பெண்களில் பெரும்பகுதியினர் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்கள். அவர்களின் கைகள் இல்லாமல் தேயிலை இல்லை. அதனால்தான் தோட்டங்களில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போக ‘பிள்ளை மடுவம்’ இருந்தது. அம்மா வேலைக்குப் போவது சரியா என்று அங்கே யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் முதலாளிக்கு அவள் தேவைப்பட்டாள். அதே பெண்களில் மிகப் பெரும்பாலானோரின் குடியுரிமை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் இல்லாமல் போனது.

இந்தப் புதிரிலிருந்து ஒரு கேள்வியை மட்டும் கையில் எடுத்துக்கொள்வோம். ‘அம்மா வீட்டில் இருக்க வேண்டும்’ என்று ஒரு சமூகம் சொல்லும்போது, எந்த அம்மாவைச் சொல்கிறது?

அம்மாக்கள் எப்போதும் வேலை செய்தார்கள்

‘முந்திக் காலத்தில் அம்மாக்கள் வீட்டில் இருந்தார்கள், இப்போதுதான் வேலைக்குப் போகிறார்கள்’ என்று இங்கேயும் சொல்வார்கள், நம் வீடுகளிலும் சொல்வார்கள். வரலாறு அப்படி இல்லை.

19ஆம் நூற்றாண்டில் சுவிஸ் ஐரோப்பாவின் பெரிய துணி உற்பத்தி நாடுகளில் ஒன்று. கிளாறுஸ், சூரிச், சென்ட் காலன் பக்கம் பருத்தி ஆலைகளும் சாயப்பட்டறைகளும் நிறைந்திருந்தன. அங்கே நின்றவர்களில் மிகப் பலர் பெண்களும் பிள்ளைகளும். கிழக்குச் சுவிசில் வீட்டிலிருந்தபடியே எம்பிராய்டரி வேலை செய்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. விவசாயக் குடும்பத்தில் அம்மா மாட்டையும் பார்த்தாள், வயலையும் பார்த்தாள், பிள்ளையையும் பார்த்தாள்.

1864இல் கிளாறுஸ் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தொழிற்சாலையில் ஒரு நாளுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. பிரசவத்தை ஒட்டிய ஆறு வாரம் பெண்களை வேலைக்கு வைக்கக்கூடாது. அந்தக் காலத்துக்கு இது பெரிய விசயம். 1877இல் நாடு முழுவதற்கும் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. வாக்கெடுப்பில் 51.5 வீதம்தான் ஆதரவு, அதுவும் ஆண்கள் மட்டும் போட்ட வாக்கு. வேலை நேரம் 11 மணித்தியாலமானது. பெண்களுக்கு இரவு வேலையும் ஞாயிறு வேலையும் தடை. பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாக எட்டு வாரம் வேலை செய்யக்கூடாது.

நல்ல சட்டம்தானே? ஒரே ஒரு குறை. அந்த எட்டு வாரத்துக்குச் சம்பளம் இல்லை. வாடகையும் பாணும் எட்டு வாரம் காத்திருக்காது. பாதுகாப்பு என்ற பெயரில் கிடைத்தது கட்டாயப் பட்டினி.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்களை, மதிய இடைவேளை ஒன்றரை மணித்தியாலத்துக்குக் குறைவாக இருந்தால், மற்றவர்களுக்கு அரை மணித்தியாலம் முன்னதாகவே அனுப்ப வேண்டும். ஏன்? சமைக்க வேண்டுமே. ஆலையில் 11 மணித்தியாலம் நின்றாலும் மதியச் சாப்பாடு அவளுடைய பொறுப்பு என்பதைச் சட்டமே எழுதி வைத்தது. இந்த மதியச் சாப்பாட்டை நினைவில் வைத்திருங்கள். திரும்பவும் வரும்.

கணவரின் அனுமதியோடு

1912இல் நடைமுறைக்கு வந்த சுவிஸ் சிவில் சட்டம் குடும்பத்தை இப்படி ஒழுங்குபடுத்தியது: கணவர் குடும்பத்தின் தலைவர், எங்கே வாழ்வது என்று அவர் தீர்மானிப்பார், மனைவி வீட்டை நடத்துவாள். மனைவி தொழில் செய்ய விரும்பினால் கணவரின் சம்மதம் வேண்டும். அவர் மறுத்தால் அவள் நீதிபதியிடம் போகலாம். ஆனால் தான் வேலை செய்வது குடும்பத்துக்கு நல்லது என்று அங்கே நிரூபிக்க வேண்டும்.

இது எப்போது மாறியது தெரியுமா? 1988 ஜனவரி 1. உங்களில் சிலருடைய அம்மா அப்பா இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய நேரம் அந்தச் சட்டம் இன்னும் இருந்தது.

1930களில் பொருளாதார நெருக்கடி வந்தபோது, ஐரோப்பாவின் பல நாடுகளைப் போல இங்கேயும் ‘இரட்டைச் சம்பளக்காரர்’ என்ற கூச்சல் எழுந்தது. கணவர் உழைக்கிற வீட்டில் மனைவியும் உழைத்தால் இன்னொரு ஆணின் வேலையைப் பறிக்கிறாள் என்பது வாதம். சமஷ்டி அரசின் 1927ஆம் ஆண்டு ஊழியர் சட்டமே, பெண் ஊழியர் திருமணம் செய்தால் அதை வேலையிலிருந்து நிறுத்தக் காரணமாக எடுத்துக்கொள்ள இடம் கொடுத்தது. திருமணமானதும் ஆசிரியை வேலையை விட வேண்டும் என்ற விதி பல மாநிலங்களில் இருந்தது.

ஆலையில் நின்ற அம்மாவை யாரும் இவ்வளவு ஆவேசமாக வீட்டுக்கு அனுப்பவில்லை. கூச்சல் எழுந்தது ஆண்களும் விரும்பிய வேலைகளில்தான்: அலுவலகம், பள்ளிக்கூடம், அரச உத்தியோகம். அலுவலகத்தைத் துடைக்கும் பெண்ணைப் பார்த்து ‘நீ இன்னொருவரின் வேலையைப் பறிக்கிறாய்’ என்று யாரும் சொன்னதாக நான் எங்கும் படிக்கவில்லை.

60 வருட வாக்குறுதி

1945 நவம்பரில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. குடும்பத்தைப் பாதுகாக்கும் பிரிவு ஒன்று அரசியலமைப்பில் சேர்ந்தது. தாய்மைக் காப்புறுதியை அரசு ஏற்படுத்த வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. ஆண்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்ட வாக்குறுதி அது. நிறைவேற 60 வருடம் ஆனது.

இதற்கிடையில் இராணுவச் சேவைக்குப் போகும் ஆண்களுக்கு என்ன நடந்தது? இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே, 1940இல், அவர்கள் இழக்கும் சம்பளத்துக்கு ஈடு கொடுக்கும் திட்டம் வந்துவிட்டது. சுருக்கமாக ‘ஈஓ’ என்பார்கள். அந்த நிதிக்கு வேலை செய்யும் எல்லோருடைய சம்பளத்திலிருந்தும் பணம் பிடித்தார்கள், பெண்களிடமிருந்தும்தான். பல தசாப்தமாகப் பெண்கள் அந்தப் பெட்டிக்குள் பணம் போட்டார்கள். பிள்ளை பெறும்போது அந்தப் பெட்டி அவர்களுக்குத் திறக்கவில்லை.

1959 பெப்ரவரி 1இல் பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கலாமா என்று ஆண்களிடம் கேட்டார்கள். 67 வீதம் ‘வேண்டாம்’. இரண்டு நாள் கழித்து பாசலில் ஒரு பெண்கள் கிம்னாசியத்தின் ஆசிரியைகள் வேலைக்குப் போகாமல் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வாக்குரிமை இல்லாத பெண்களுக்குக் குடியியல் கற்பிக்கும் நாட்டில் அது சின்ன விசயமில்லை.

அதற்கு முந்தைய வருடம், 1958இல், பாசலில் பிறந்த சட்டத்தரணி இரிஸ் ஃபொன் றோட்டன் ஒரு தடித்த புத்தகம் வெளியிட்டார். தவழும் குழந்தையை விடும் கம்பி அடைப்புக்குள் பெண்களை வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அதன் தலைப்பே. சொந்தச் சம்பளம் இல்லாமல் பெண்ணுக்குச் சுதந்திரம் இல்லை என்று எழுதினார். அவரும் ஒரு பிள்ளையின் தாய். பத்திரிகைகள் கேலி செய்தன, பாசல் ஃபஸ்நாக்ட் திருவிழாவிலும் கேலி செய்தார்கள். பெண்கள் அமைப்புகளின் கூட்டமைப்புகூட அவரிடமிருந்து விலகிக்கொண்டது. அதே வருடம் சூரிச்சில் நடந்த ‘சஃபா’ பெண்கள் கண்காட்சி கொஞ்சம் மென்மையான பாதையைக் காட்டியது: முதலில் வேலை, பிறகு பிள்ளைகளோடு வீடு, பிள்ளைகள் வளர்ந்ததும் மறுபடி வேலை. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் பத்து, பதினைந்து வருடம் வெளியே நின்றுவிட்டுத் திரும்பி வருகிறவருக்கு எந்தக் கொம்பனி பழைய இடத்தைக் கொடுக்கும்?

அலுமாரிக்குள் பிள்ளைகள்

சுவிஸ் அம்மாக்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்று சொன்ன அதே 1950களிலும் 60களிலும் தொழிற்சாலைகளுக்கு ஆள் பற்றவில்லை. இத்தாலியிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களில் பெண்களும் ஏராளம். துணி ஆலை, கடிகாரத் தொழிற்சாலை, ஹோட்டல், மருத்துவமனைச் சலவையகம் என்று எல்லா இடமும் நின்றார்கள்.

பருவகால வீசாவில் வந்தவர்கள் வருடத்தில் ஒன்பது மாதம் இங்கே வேலை செய்யலாம். குடும்பத்தைக் கொண்டுவர முடியாது. வருட வீசா கிடைத்தவர்களும் பிள்ளைகளை அழைக்க நெடுங்காலம் காத்திருக்க வேண்டும், வீடு போதுமான அளவு என்று காட்ட வேண்டும். அதனால் சிலர் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டு வந்தார்கள். சிலர் எல்லைக்கு அருகே இத்தாலியில் இருந்த விடுதிகளில் விட்டார்கள். இன்னும் சிலர் இரகசியமாகக் கொண்டுவந்து வீட்டுக்குள் ஒளித்து வைத்தார்கள். சத்தம் போடாதே, ஜன்னல் பக்கம் போகாதே, கதவு தட்டினால் திறக்காதே என்று சொல்லிவிட்டு அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போவார்கள். அந்தப் பிள்ளைகளை இன்று ‘அலுமாரிப் பிள்ளைகள்’ என்று அழைக்கிறார்கள். இப்போது முதியவர்களாகிவிட்ட அவர்களில் பலர் அந்த நாட்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். பருவகால வீசா முறை முழுமையாக நீங்கியது 2002இல்தான்.

நாம் எடுத்த கேள்விக்கு இங்கே பதில் கிடைக்கிறது. ‘பிள்ளைக்கு அம்மா வேண்டும்’ என்ற விதி எல்லாப் பிள்ளைக்கும் போட்ட விதியாக இருந்திருந்தால், ஒரு பிள்ளையும் அலுமாரிக்குள் உட்கார்ந்திருக்காது.

வாக்குச் சீட்டு சொல்லும் கதை

1971 பெப்ரவரி 7இல் 65.7 வீத ஆண்கள் பெண்களின் வாக்குரிமைக்கு ஆம் என்றார்கள். 12 வருடத்தில் முடிவு அப்படியே தலைகீழ். அதற்குப் பிறகு பெண்களும் வாக்களித்தார்கள், வேகம் கூடியது. 1981 ஜூன் 14இல் சமத்துவமும், சம மதிப்புள்ள வேலைக்குச் சம சம்பளமும் அரசியலமைப்புக்குள் வந்தன. 1985இல் புதிய திருமணச் சட்டத்துக்கு வாக்கெடுப்பு. நீதித்துறைக்குப் பொறுப்பாக இருந்தவர் எலிசபெத் கொப், சமஷ்டி அமைச்சரவைக்கு வந்த முதல் பெண். எதிர்ப்பு அணியின் முன்னணியில் கிறிஸ்தோப் புளோக்கர். 54.7 வீத ஆதரவோடு சட்டம் வென்றது. பெண்களின் வாக்குகள்தான் அதை வெல்ல வைத்தன என்று பிறகு நடந்த ஆய்வு காட்டியது. கணவரின் அனுமதி என்ற பிரிவு அத்துடன் போனது.

ஆனால் தாய்மைக் காப்புறுதி? 1984இல் ஒரு முயற்சி, 84 வீதம் ‘இல்லை’. 1987இல் இன்னொன்று, 71 வீதம் ‘இல்லை’. 1991 ஜூன் 14இல் சுமார் ஐந்து இலட்சம் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். ஊதா நிறம் நகரங்களை நிரப்பியது. கடிகாரத் தொழிலில் வேலை செய்த சில பெண்களிடமிருந்து தொடங்கிய யோசனையை, தொழிற்சங்கத் தலைவி கிறிஸ்தியான் புறூணர் நாடு முழுவதற்கும் கொண்டுபோனார். அதற்குப் பிறகும் 1999இல் 61 வீதம் ‘இல்லை’.

பெண்களும் வாக்களித்தார்கள், அப்படியிருந்தும் ஏன் தோற்றது? செலவு ஒரு காரணம். பிள்ளை பெறுவது தனிப்பட்ட விசயம், அரசு ஏன் தலையிட வேண்டும் என்ற எண்ணம் இன்னொன்று. மொழியும் ஒரு காரணம். 1999இல் ஜெனீவா, வோ போன்ற பிரெஞ்சு மொழி மாநிலங்கள் ஆதரித்தன. ஜெர்மன் மொழி மாநிலங்கள் கவிழ்த்தன. ஜெனீவா பொறுமை இழந்து 2001இல் தானாகவே ஒரு மாநிலத் திட்டத்தைத் தொடங்கியது.

2004இல் என்ன மாறியது என்று பார்த்தால், ஒரு பொறியியல் தீர்வு போலவே இருக்கிறது. அதுவரை பிரசவ காலச் சம்பளத்தின் சுமை பெரும்பாலும் அந்தந்த முதலாளியின் தலையில்தான் விழுந்தது. பெண்களை அதிகம் வேலைக்கு வைத்த சிறு கடைக்காரருக்கு அது பாரம். இதைப் புரிந்துகொண்டு, சிறு வணிகர் சங்கத்தின் இயக்குநராக இருந்த பியேர் திறிப்போனே என்ற வலதுசாரி உறுப்பினரே முன்மொழிவைக் கொண்டுவந்தார். புதிதாக ஒன்றும் கட்ட வேண்டாம், படைவீரர்களின் ‘ஈஓ’ பெட்டியைத் தாய்மாருக்கும் திறந்துவிடுவோம் என்பதே அது. 14 வாரம், சம்பளத்தில் 80 வீதம். செப்டெம்பர் 26இல் 55 வீதத்துக்கும் சற்று அதிகமானோர் ஆம் என்றார்கள்.

மனிதர்களின் மனம் ஐந்து வருடத்தில் அவ்வளவு மாறியிருக்காது. யார் காசு கட்டுகிறார்கள் என்பதுதான் மாறியது. மனநிலை என்று நாம் சொல்வதில் பாதி கணக்குத்தான்.

மதியச் சாப்பாடு மறுபடி வருகிறது

சட்டம் மாறிய பிறகும் மாறாத ஒன்று பள்ளிக்கூட மணி. பல இடங்களில் பிள்ளைகள் மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். கிழமையில் சில நாள் மத்தியானத்துக்குப் பிறகு பள்ளிக்கூடமே இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு நேர அட்டவணை. வீட்டில் ஒரு ஆள் இருப்பார் என்று வைத்துக்கொண்டு எழுதிய அட்டவணை அது. அந்த ஆள் யார் என்று யாரும் எழுதத் தேவையில்லை. 1877 சட்டத்தின் அரை மணித்தியாலம் பள்ளிக்கூட மணிக்குள் ஒளிந்திருந்தது.

2003இல் கீட்டா எனப்படும் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்கள் தொடங்க சமஷ்டி அரசு உதவிப் பணம் கொடுக்கத் தொடங்கியது. 2009இல் நடைமுறைக்கு வந்த ‘ஹார்மோஸ்’ பள்ளி உடன்படிக்கை, சேர்ந்த மாநிலங்களிடம் ஒழுங்கான காலை நேரத்தையும் தேவைக்கேற்ப மதியப் பராமரிப்பையும் கேட்டது. அதற்கு எதிரான சுவரொட்டிகளில் அழும் குழந்தைகளின் படம் போட்டிருந்தார்கள். லுசேர்ன் உட்படச் சில மாநிலங்கள் வேண்டாம் என்றன. 2013 மார்ச்சில், வேலையையும் குடும்பத்தையும் சேர்த்து நடத்த அரசு உதவ வேண்டும் என்ற பிரிவுக்கு 54 வீத மக்கள் ஆம் என்றார்கள். ஆனாலும் தோற்றது. மாநிலங்களில் பெரும்பான்மை கிடைக்கவில்லை.

இன்று சுவிசில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு ஆறு பேர் அளவில் பகுதி நேரம் வேலை செய்கிறார்கள். ஆண்களில் ஐந்துக்கு ஒருவர் அளவுதான். அப்பாமாருக்கு இரண்டு வார விடுப்பு வந்ததே 2021இல். ‘அவர்கள் விரும்பித்தான் குறைத்து வேலை செய்கிறார்கள்’ என்று யாராவது சொன்னால், பள்ளிக்கூட அட்டவணையையும் கீட்டாவின் பில்லையும் மேசையில் வைத்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

நம்முடைய அம்மாக்கள்

1983க்குப் பிறகு தமிழர்கள் இங்கே வரத் தொடங்கினார்கள். முதலில் பெரும்பாலும் இளைஞர்கள். உணவகச் சமையலறைகளில் கோப்பை கழுவினார்கள். 90களில் குடும்பங்கள் சேர்ந்தன. அம்மாக்களும் வேலைக்குப் போனார்கள்: துப்புரவு, சலவை, ஹோட்டல் அறை, முதியோர் இல்லம். ஊரில் ஆசிரியையாகவோ எழுதுவினைஞராகவோ இருந்தவர்களுடைய படிப்பு இங்கே செல்லுபடியாகவில்லை. வங்கிக் கட்டடங்கள் திறக்கும் முன் துடைத்து முடித்துவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கு வெளிக்கிடுத்த ஓடி வந்த அம்மாக்கள் நம்மில் எத்தனை பேருக்கு! அப்பா இரவு வேலை, அம்மா விடியற்காலை வேலை, நடுவில் பிள்ளை கை மாறும்.

இரண்டு பக்கத்திலிருந்தும் பேச்சு வந்தது. என் வகுப்பு ஆசிரியை ஒருவர், மதியம் வீட்டில் யாரும் இல்லையா என்று முகத்தைச் சுருக்கிக் கேட்டது நினைவிருக்கிறது. கழுத்தில் வீட்டுத் திறப்போடு வரும் பிள்ளைகளுக்கு இங்கே ‘ஷ்லுசல்கிண்ட்’, திறப்புப் பிள்ளை என்று பெயர். நம் ஆட்கள் பக்கம் வேறு பேச்சு. அப்பா செய்தால் ‘வேலை’. அம்மா செய்தால் ‘வீட்டுக்கு ஒரு உதவி’. ஊரில் கட்டின வீட்டிலும் தங்கையின் கல்யாணத்திலும் ஏஜென்சிக் கடனிலும் அந்த ‘உதவி’ எவ்வளவு என்று யாரும் கணக்கு எழுதவில்லை. மாலை ஏழு மணிக்கு வீடு வந்தவர் மறுபடி அடுப்படிக்குப் போனார். அதுவும் கணக்கில் இல்லை.

இந்தக் கணக்கு வெறும் மரியாதைப் பிரச்சினை மட்டும் அல்ல. அந்த அம்மாக்கள் இப்போது ஓய்வூதிய வயதை நெருங்குகிறார்கள். சுவிசில் ஓய்வூதியத்தின் இரண்டாம் தூணான ‘பென்ஸியோன்ஸ்காஸே’யில் கட்டாயமாகச் சேர, ஒரே முதலாளியிடம் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் உழைக்க வேண்டும். 2025இல் அது வருடத்துக்கு 22,680 பிராங். காலையில் ஒரு கொம்பனி, மாலையில் இன்னொரு கொம்பனி, சனிக்கிழமை ஒரு வீடு என்று துண்டு துண்டாகத் துப்புரவு வேலை செய்தவர் மொத்தமாக அதைவிட அதிகம் உழைத்திருப்பார். ஆனால் எந்த ஒரு இடத்திலும் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்க மாட்டார். அதனால் இரண்டாம் தூணில் அவருக்கு ஒன்றுமே சேர்ந்திருக்காமல் போகலாம். பல இடங்களில் வேலை செய்பவர் கூட்டுத் தொகையை வைத்துத் தானாக விரும்பிச் சேர வழி இருக்கிறது. அது தெரிந்த அம்மாக்கள் குறைவு.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 1997இல் வந்த திருத்தம், ‘ஆஹாஃபவ்’ எனப்படும் முதியோர் காப்புறுதியில் பிள்ளை வளர்த்த வருடங்களுக்கும் மதிப்பெண் கொடுத்தது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்த வருடங்கள் ஓய்வூதியக் கணக்கில் சேரும். பிள்ளை வளர்ப்பதும் உழைப்புத்தான் என்று இந்த நாடு முதன்முதலாக எண்ணில் எழுதிய இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

இதை வைத்து என்ன செய்வது?

இன்னும் சில வருடத்தில் உங்களில் பலர் வேலை, திருமணம், பிள்ளை என்று முடிவெடுப்பீர்கள். ‘இது எங்கள் கலாச்சாரம்’ என்று ஒரு பக்கம் சொல்வார்கள். ‘இங்கே அப்படித்தான்’ என்று மற்றப் பக்கம் சொல்வார்கள். இரண்டையும் கேட்கும்போது மூன்று விசயங்களைத் தேடிப் பாருங்கள்: இந்த விதி யாருக்குப் பொருந்துகிறது, யாருக்குப் பொருந்தவில்லை, செலவை யார் கட்டுகிறார்கள். 160 வருட சுவிஸ் வரலாற்றை நான் படித்ததில், இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் ‘கலாச்சாரம்’ என்ற சொல் பாதியாகச் சுருங்கிவிடுகிறது.

தம்பிமாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. மதியச் சாப்பாட்டுக்காக 1877இல் பெண்களை அரை மணித்தியாலம் முன்னதாக அனுப்பினார்கள். அந்த அரை மணித்தியாலத்தை இன்று யார் எடுப்பது என்பது உங்களுடைய கேள்வியும்தான்.

கடைசியாக ஒரு வேலை. அம்மாவிடம் கேட்டு, அவருடைய ‘ஆஹாஃபவ்’ தனிக்கணக்கு விபரத்துக்கு விண்ணப்பியுங்கள். இணையத்தில் இலவசமாகச் செய்யலாம், சில நாளில் தபாலில் வரும். எந்த வருடம், எந்த முதலாளி, எவ்வளவு பிராங் என்று வரிசையாக இருக்கும். ஒரு வருடம் விடுபட்டிருந்தால் உடனே கேளுங்கள். கட்டாமல் விட்ட பணத்தை ஐந்து வருடம் வரைதான் பின்னோக்கிக் கட்டலாம். சம்பளத்தில் பிடித்தும் கணக்கில் ஏறாமல் இருந்தால் சம்பளத் துண்டுகளைக் காட்டித் திருத்தலாம். அந்தத் துண்டுகள் பெரும்பாலும் பழைய பிஸ்கட் டின் ஒன்றுக்குள் இருக்கும். எறிந்துவிட வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவையுங்கள்.